மாடு போன தடம்

முல்லைத்தீவு மாவட்டத்துப் பிள்ளைகள் இயற்கையோடு போதிய நேரம் செலவிடுவதில்லை என்ற உண்மையைப் பசுமைக் குழந்தைப்பருவ அதிகாரசபை ஒரு குளிரூட்டிய அறைக்குள் இருந்து கண்டுபிடித்தது. யன்னல்களைச் சாத்திவைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். வெளியில் குயில் கத்துவது கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்ததாம். மண்ணோடும் மரத்தோடும் பழகுகிற பிள்ளைக்கு நித்திரை வரும், பசி எடுக்கும், பயம் குறையும், படிப்பு ஏறும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. அத்தனையும் உண்மை என்பதுதான் இந்தக் கதையில் பெரிய கரைச்சல். பொய்யென்றால் சிரித்துவிட்டு எழும்பிப் போயிருக்கலாம்.

படத்தில் இருந்த பிள்ளைகள் ஏதோ பனி கொட்டுகிற தேசத்துப் பிள்ளைகள். கழுத்துவரை கம்பளி போட்டுக்கொண்டு ஒரு சருகைக் கையில் வைத்துச் சிரித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, முள்ளியவளைக்கு உள்ளே தள்ளி, மூன்று பக்கம் காடும் ஒரு பக்கம் குளமுமாக இருக்கிற ஒரு கிராமத்தை முன்மாதிரிக் கிராமமாகத் தெரிவு செய்தார்கள். அங்கே ஒரு சருகையாவது எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு உபகுழுவும் போட்டார்கள்.

அந்தக் கிராமத்தில்தான் ராஜினி இருந்தாள். புருசன் நிரோஜன் வவுனியாவில் மேசன் வேலை. கிழமைக்கு ஒருக்கால் வருவான். மகள் யதுர்ஷிகா நாலாம் வகுப்பு. செம்பி என்று ஒரு சிவத்த பசு. இவ்வளவும்தான் வெளியில் தெரிகிற குடும்பம்.

யதுர்ஷிகா சரியாகச் சாப்பிட மாட்டாள். நித்திரையில் திடுக்கிட்டு எழும்பிக் காலை உதறுவாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டொக்டர் பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கால் இப்பிடிப் பஞ்சு மாதிரி இருக்கு? பிள்ளை மண்ணில இறங்கிறேல்லையோ?" என்று கேட்டார். "விளையாட விடுங்கோ. மரத்தில ஏறட்டும், விழட்டும். நான் வேற மருந்து தரேல்லை."

"ஓம் டொக்டர்" என்றாள் ராஜினி. சொல்லுவது லேசு.

ஏனென்றால் அந்தப் பக்கத்தில் மீளக்குடியேறின சனத்துக்கென்று ஒரு நடை உண்டு. றோட்டை விட்டு இறங்குவதென்றால் மாடு போன தடத்தில்தான் இறங்குவார்கள். மாடு நடந்த இடமென்றால் காலை வைக்கலாம். மாடு நடக்காத இடம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதைத் தூர நின்று பார்க்கவேண்டியதுதான். வந்து இறங்கின புதிதில் காணிக்குக் காணி மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றது. பிறகு கண்ணிவெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள், முழங்காலில் நின்று நிலத்தைச் சீவினார்கள், பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் தேடியது இரும்பை. இரும்பு இல்லாத இடத்தையெல்லாம் துப்புரவான இடம் என்று அறிவித்தார்கள். நிலம் துப்புரவாகிவிட்டது. சனத்தின் கால்களை ஆர் துப்புரவாக்குவது? அந்தப் பலகைகளைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகள்கூட, பந்து புல்லுக்குள் உருண்டால், மாடு ஒன்று வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றன.

ராஜினிக்கு அதைவிட இன்னொரு காரணமும் இருந்தது. குளக்கட்டுக்குப் பின்னால், பழைய பாலை மரத்தடியில், அவளுடைய மூத்தவள் கிடந்தாள். பெயர் கஜனி. கடைசி இடப்பெயர்வில், எறிகணைச் செல் விழுந்த ஒரு பின்னேரம், நாலு வயதுப் பிள்ளையை தாயின் சேலையில் சுற்றி, தங்களுடைய சொந்தக் காணியில், சொந்த மரத்தடியில், அகப்பையாலும் கையாலும் தோண்டி வைத்துவிட்டு ஓடினவர்கள். ஆழமாகத் தோண்ட நேரமிருக்கவில்லை. அந்த ஒன்று மட்டும் ராஜினிக்கு இன்றைக்கும் நெஞ்சில் குத்தும்.

திரும்பி வந்தபோது காணியைச் சுற்றி எல்லைக் கல் நட்டிருந்தது. கேட்டதற்கு வன இலாகாக்காரர், இது இப்போது காடு, இயற்கை, மனுசர் உள்ளே போகக்கூடாது என்றார்கள். மாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே ராஜினி கடன்பட்டு ஒரு மாட்டை வாங்கினாள். அந்த மாட்டின் பேத்திதான் செம்பி. ஒவ்வொரு நாளும் செம்பி எல்லைக் கல்லைத் தாண்டி நேரே பாலையடிக்குப் போய்ப் படுத்து அசைபோடும். மாட்டைத் தேடிப் போகிற சாட்டில் ராஜினியும் போவாள். கொஞ்ச நேரம் இருந்து, சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, "வாறன் மோனை" என்று சொல்லிவிட்டு வருவாள். ஒருத்தருக்கும் அவள் அறிவிக்கவில்லை. அறிவித்தால் பொலிஸ் வரும், கோட்ஸ் வரும், தோண்டி எடுத்துப் பெட்டிக்குள் போட்டு இலக்கம் ஒட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோவார்கள். போனது திரும்பி வராது. ஊருக்குத் தெரியும். ஆனால் ஊர் அதைக் கதைக்காது. ஊரில் எல்லாருக்கும் இப்படிக் கதைக்காமல் வைத்திருக்க ஏதோ ஒன்று இருந்தது.

இந்த நிலைமையில்தான் அதிகாரசபை பதாகையோடு வந்து இறங்கியது.

தொடக்கவிழா பாடசாலை முற்றத்தில் நடந்தது. பணிப்பாளர் யோகலிங்கம் வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தார். முற்றத்து வேம்பின் நிழல் போதாதென்று வேம்பின் கிளைகளை வெட்டிவிட்டுத் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வெயில் கண்டு கறுத்துவிடாமல் இருக்கத் தொப்பி, மண் ஒட்டாமல் இருக்கக் கையுறை, புல் பிடிக்காமல் இருக்க முழங்கால்வரை சொக்ஸ். எல்லாம் பச்சை நிறம்.

"அன்பான பிள்ளைகளே" என்று பணிப்பாளர் தொடங்கினார். "நான் சின்ன வயசில மாமரத்தில ஏறியிருக்கிறன். விழுந்துமிருக்கிறன். அதனாலதான் இண்டைக்குப் பணிப்பாளராக இருக்கிறன். என்ர பிள்ளைகள் மரம் ஏறுறேல்லை. அவைக்கு ரியூசன், நீச்சல், பியானோ எண்டு நேரமில்லை. உங்களுக்கு அப்பிடி ஒரு வசதியும் இல்லாதபடியால் நிறைய நேரம் இருக்கு. நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்!"

கைதட்டல். பிறகு வெளிக்கள உத்தியோகத்தர் தேனுகா ஒழுங்குவிதிகளை வாசித்தாள். இலை பறிக்கக்கூடாது. மண்ணில் கை வைக்கக்கூடாது. பூச்சியைக் கண்டால் உத்தியோகத்தருக்கு அறிவிக்கவேண்டும். ஒரு விசில் அடித்தால் எல்லாரும் மேலே பார்த்து வியக்கவேண்டும். இரண்டு விசில் அடித்தால் வியப்பை நிறுத்தவேண்டும்.

"இப்ப எல்லாரும் இயற்கைக்குள்ள சுதந்திரமா ஓடுங்கோ!" என்றார் பணிப்பாளர், சீமெந்து முற்றத்துக்கு அப்பாலிருந்த புல்வெளியைக் காட்டி.

பிள்ளைகள் சீமெந்து விளிம்பில் வந்து நின்றன. அவ்வளவுதான். ஒரு கால்கூடப் புல்லில் படவில்லை. தேனுகா விசில் அடித்தாள். எல்லாரும் மேலே பார்த்து வியந்தார்கள். இரண்டு தரம் அடித்தாள். வியப்பை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்கள். பணிப்பாளர் கெஞ்சினார், ரொபி தருவதாகச் சொன்னார். ஒரு பிள்ளையும் அசையவில்லை. அப்போதுதான், ஆரும் கூப்பிடாமல், பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழைக்குலையை மணந்துகொண்டு செம்பி வந்தது. வாழைக்குலையில் ஒரு வாய், பதாகையின் தொங்கலில் ஒரு வாய் எடுத்துவிட்டுப் புல்வெளிக்குள் இறங்கி நடந்தது.

உடனே பிள்ளைகள் வரிசையாகின. யதுர்ஷிகா முன்னுக்கு. மாட்டின் குளம்படியில் அவள் கால், அவளின் கால்பட்ட இடத்தில் அடுத்த பிள்ளையின் கால். ஒரு சத்தமில்லை, ஒரு சிரிப்பில்லை. பச்சைத் தொப்பி போட்ட பிள்ளைகள் ஒரு மாட்டின் பின்னால் பிரேத ஊர்வலம் மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் தங்களை அறியாமல் எழும்பி நின்றார்கள்.

பணிப்பாளருக்குக் கண் கலங்கியது. "அற்புதம்!" என்றார். "எவ்வளவு ஒழுக்கம்! மிருகத்தோட என்ன ஒரு ஒட்டு! இதுதான் உள்ளூர் அறிவு. இந்த மாட்டின்ர சொந்தக்காரர் ஆர்?"

ராஜினி கையைத் தூக்கினாள். தூக்கியிருக்கக்கூடாது.

அடுத்த கிழமை செம்பி நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டது. பதவி, இயற்கை நேர வழிகாட்டி, தற்காலிகம். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள்; இரண்டு காதும் தெரியவேண்டும் என்று படம்பிடிக்கிறவர் அடம்பிடித்ததில் அரைநாள் போனது. மூன்று பேர் கொண்ட குழு மேசைக்குப் பின்னால் இருந்தது.

"சிறுவர்களோட வேலை செய்த முன்னனுபவம்?"

"கன்று போட்டது சேர்" என்றாள் ராஜினி.

"குற்றச்செயல்கள்?"

"போன மாரியில பக்கத்து வளவில பயித்தங்கொடி திண்டது."

குழு தங்களுக்குள் குசுகுசுத்தது. ஒரு தடவை என்றால் மன்னிக்கலாம் என்று முடிவானது. "வழிகாட்டி அணுகுமுறையில அமைதியானவர். தேவையில்லாமல் கதைக்கமாட்டார். எங்கட அதிகாரசபைக்குப் பொருத்தமானவர்" என்றார் பணிப்பாளர். ராஜினி வழிகாட்டியின் உதவியாளராக நியமிக்கப்பட்டாள். அடையாள அட்டையைச் செம்பியின் கழுத்தில் கட்டினார்கள். அதை அது அன்று பின்னேரமே தின்றுவிட்டது.

முதலாவது இயற்கை நடையில் செம்பி போனது எங்கே? அது எங்கே போகும், அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பாதைதானே. பாடசாலையால் வெளிக்கிட்டு, குளக்கட்டால் ஏறி இறங்கி, எல்லைக் கல்லைத் தாண்டி, பிள்ளைகள், தேனுகா, பணிப்பாளர் எல்லாரையும் வரிசையாக இழுத்துக்கொண்டு நேரே பாலையடிக்குப் போய்ப் படுத்துவிட்டது. ராஜினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அங்கால போ, ஏய், எழும்படி!" என்று வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். செம்பி கண்ணை மூடி அசைபோட்டது.

அதிகாரிகள் ரோல்ஸ் சாப்பிட வாகனத்துக்குப் போன இடைவெளியில் அது நடந்தது. மாடு படுத்த இடமென்றால் சுற்றிவர எங்கும் கால் வைக்கலாம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருக்கவேண்டும். ஒருத்தி கையுறையைக் கழற்றினாள். ஒருத்தன் சொக்ஸைக் கழற்றினான். யதுர்ஷிகா வெறுங்காலோடு மண்ணில் நின்று விரல்களைச் சுருக்கினாள், விரித்தாள். பிறகு ஓடினாள். அந்தப் பிள்ளை ஓடி ராஜினி அதுவரை கண்டதில்லை. மண்ணை அள்ளிச் சோறு என்றாள், பாலைச் சருகைக் கறி என்றாள், அடிமரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி வழுக்கி விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு சிரித்தாள். தாய் ஒரு பக்கம் பார்த்தால் ஒரு பிள்ளை விளையாடுது. கீழே பார்த்தால் மற்றப் பிள்ளை படுத்திருக்குது. இரண்டும் ஒரே நிழலில். ராஜினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோசமா துக்கமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அன்றைக்கு யதுர்ஷிகா இரண்டாம் தரம் சோறு கேட்டாள். விடியும்வரை காலை உதறாமல் கிடந்தாள். "அம்மா, அந்த மரத்தடிக்கு நாளைக்கும் போவமோ?" என்று கேட்டுக்கொண்டுதான் எழும்பினாள். டொக்டர் சொன்னது சரி. அதிகாரசபை சொன்னதும் சரி. அங்கேதான் வினை தொடங்கியது.

பிள்ளைகள் தேறி வருகிறார்கள் என்ற செய்தி மேலே போனது. மேலே உள்ளவர்கள் உடனே அதைத் திருத்த முடிவெடுத்தார்கள். பாலையடி இருந்த காணி, சொந்தக்காரிக்கு இத்தனை வருசம் கொடுக்க முடியாத காணி, ஒரே நாளில் அதிகாரசபைக்குக் கைமாறியது. அங்கே நிரந்தர இயற்கை நேர நிலையம் ஒன்று கட்டப்போகிறார்கள் என்று தேனுகா வந்து சொன்னபோது ராஜினி செம்பிக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். வாளியை அப்படியே வைத்துவிட்டு, ஒரு சீலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பணிப்பாளர் அவளைக் கதிரையில் இருத்தினார். மேசையில் நிலையத்தின் மாதிரி உருவம் இருந்தது. வெள்ளைக் கட்டடம், கண்ணாடி யன்னல், பச்சைப் பிளாஸ்ரிக் புல்.

"சேர், அந்தப் பாலையை விட்டிட்டு அங்கால தள்ளிக் கட்டினால் என்ன?"

"ஏன் அம்மா?"

"நல்ல மரம் சேர்."

"நல்ல மரம் எண்டபடியால்தானே அதிலயே கட்டுறம். மரத்தை எடுக்கத்தான் வேணும். இலை கொட்டுது, காகம் எச்சம் போடுது, பிள்ளை ஒண்டு விழுந்து முழங்கால் உரசினதா முறைப்பாடு வந்திருக்கு. ஆனால் நீங்கள் கவலைப்படாதேங்கோ, மரத்தின்ர படம் ஒண்டு உள் சுவர் முழுக்க வரும். குருவிச் சத்தத்துக்கு ஸ்பீக்கர் போடுறம்."

"பிள்ளையள் மண்ணில விளையாடுதுகள் சேர். இப்பதான் ஒழுங்காச் சாப்பிடுதுகள்."

"மண்ணும் இருக்கு! மரம் நிக்கிற இடத்தில மண் விளையாட்டுக் குழி வருது. அங்க கீழ இருக்கிற மண் சுத்தமில்லை அம்மா. ஆள் உயரத்துக்குத் தோண்டி எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிப்போட்டு, கழுவின மணல் கொண்டுவந்து நிரப்புறம். நோய்க்கிருமி ஒண்டும் இராது."

ராஜினி அந்தச் சின்னக் குழியைப் பார்த்தாள். மாதிரி உருவத்தில் அது பாலையடியில், சரியாக அந்த இடத்தில், நீலப் பெயின்ற் வட்டமாக இருந்தது. அதற்குள் பிளாஸ்ரிக் பிள்ளை ஒன்று குந்தியிருந்தது.

"வேற ஏதும் காரணம் இருந்தால் சொல்லுங்கோ. நாங்கள் சனத்தின்ர குரலுக்குக் காது குடுக்கிற ஆக்கள்" என்றார் பணிப்பாளர், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு.

வாய்வரை வந்தது. சொன்னாலும் தோண்டுவார்கள், சொல்லாவிட்டாலும் தோண்டுவார்கள். சொன்னால் வெள்ளைத்துணி விரித்துத் தோண்டுவார்கள். சொல்லாவிட்டால் மெசினால் அள்ளி எங்கேயாவது பள்ளத்தில் கொட்டுவார்கள். "ஒண்டுமில்லை சேர்" என்று எழும்பினாள்.

நிரோஜன் வந்ததும் சொன்னாள். அவன் மேசன் அல்லவா, அத்திவாரம் எவ்வளவு ஆழம் போகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கையிலிருந்த, சாந்து பூசுகிற அகப்பையைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டு, "நாங்கள் ஆழமா வைக்கேல்லையே ராஜி" என்றான்.

அடிக்கல் நாட்டும் விழாவுக்குப் பாலையடியிலேயே மேடை போட்டார்கள். மரத்தை வெட்டுவதற்கு முன்னர் அதற்கு மாலை போட்டார்கள். ஒரு பக்கத்தில் மண் தோண்டும் மஞ்சள் மெசின் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, உறுமிக்கொண்டு நின்றது. அதை ஓட்டுகிறவன் சஜீவன், கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறின மலையகக் குடும்பத்துப் பெடியன். ஊர்ச்சனம் கதிரைகளில் இருந்தது. செம்பி மேடைக்குப் பக்கத்தில், தன் வழக்கமான இடத்தைப் பலகைகள் பிடித்துக்கொண்ட எரிச்சலில் நின்றது.

பணிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "அடிக்கல்லுக்கு முதல் ஒரு முக்கியமான நிகழ்வு. மாவட்டத்தின்ர இயற்கைப் பிள்ளை விருது! வெளியில, இயற்கையோட, ஆகக் கூடின நேரம் செலவிட்ட பிள்ளைக்கு இந்த வெற்றிக்கிண்ணம். ஆர் அந்தப் பிள்ளை? நீங்களே சொல்லுங்கோ!"

ஒரு பிள்ளை எழும்பித் தான் தினமும் குளத்தில் நீந்துவதாகச் சொன்னான். மிதவைச் சட்டை போடாதபடியால் அது சேராது என்றார்கள். இன்னொருத்தி தகப்பனோடு வயலில் மயில் கலைப்பதாகச் சொன்னாள். அது வேலை, இயற்கை இல்லை என்றார்கள். பிறகு ஒருத்தரும் எழும்பவில்லை. மெசின் மட்டும் உறுமியது.

ராஜினி எழும்பினாள். எழும்புவது என்று அவள் முன்னமே நினைத்திருக்கவில்லை. கால்தான் எழும்பியது.

"என்ர மூத்தவள் சேர்."

"அப்பிடியோ! சின்னவவை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். மூத்தவ எவ்வளவு நேரம் வெளியில நிக்கிறவ?"

"எந்த நேரமும் சேர். வெயிலெண்டாலும் மழையெண்டாலும்."

"பாருங்கோ!" பணிப்பாளர் சபையைப் பார்த்துக் கையை விரித்தார். முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். பின்னுக்கிருந்த ஊர்ச்சனம் ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்தது. "கையடக்கத் தொலைபேசி பாக்கிறவவோ?"

"அவ அதைக் கண்டதே இல்லை சேர்."

"ஆகா! சப்பாத்து?"

"வெறுங்கால்."

"நித்திரை எப்பிடி?"

"நல்ல நித்திரை சேர். எழும்பிறேல்லை."

"இதைத்தானே நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறம்! இப்பிடி ஒரு பிள்ளையை ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? கூப்பிடுங்கோ, மேடைக்குக் கூப்பிடுங்கோ!"

"மேடைக்குக் கீழதான் சேர் இருக்கிறா" என்றாள் ராஜினி. "நீங்கள் நிக்கிறது அவவின்ர தலைமாட்டில."

பணிப்பாளர் சிரித்த வாயோடு குனிந்து தன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இறங்க வெகுநேரம் எடுத்தது.

"செல் பட்டுச் செத்தவ. நாலு வயசு. இது எங்கட காணி. ஆழமா வைக்க நேரமிருக்கேல்லை. பொலிஸைக் கூப்பிடுறதெண்டாலும் கூப்பிடுங்கோ, நான் இதிலதான் இருப்பன். ஆனால் கிருமியெண்டு சொல்லி என்ர பிள்ளையை அள்ளிக் கொட்டாதேங்கோ." பக்கத்தில் இருந்த நிரோஜன் எழும்பி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மஞ்சள் மெசினின் உறுமல் நின்றது. சஜீவன் திறப்பைக் கழற்றி, இறங்கி, அதை மேடை விளிம்பில் வைத்தான். "நான் இதில கை வைக்கமாட்டன் சேர். வேற ஆளைப் பாருங்கோ. எங்கட அப்பாவையும் இப்பிடித்தான் எங்கயோ வைச்சிட்டு வந்தனாங்கள். இடம் அம்மாவுக்கே மறந்து போச்சு."

பணிப்பாளர் மேடையிலிருந்து இறங்க ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. "வேற... வேற எங்கயெல்லாம் இருக்கு?"

"எனக்கு என்ர பிள்ளையின்ர இடம் மட்டும்தான் சேர் தெரியும்."

அவர் ஊர்ச்சனத்தைப் பார்த்தார். ஒரு கிழவர் குளக்கட்டின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் பாடசாலைக் கிணற்றடியின் பக்கம். வாகனங்கள் நிறுத்தியிருந்த இடத்தை ஒரு தாயும் மகனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு திக்கைப் பார்த்தபடி இருந்தார்கள்.

முன்வரிசை அதிகாரிகள் கதிரைகளை விட்டு எழும்பினார்கள். எழும்பினவர்களுக்குக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒருத்தர் கதிரைமேல் ஏறிக் குந்திக்கொண்டார். தேனுகாவின் கையிலிருந்த விசில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாகனங்கள் கூப்பிடு தூரத்தில்தான் நின்றன. நடுவில் புல், பச்சைப் பசேலென்று.

சலித்துப்போன செம்பி திரும்பி நடந்தது.

பணிப்பாளர்தான் முதலில் இறங்கினார். கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு மாட்டின் குளம்படியில் வலது காலை வைத்தார். அடுத்த குளம்படியில் இடது கால். அவர் கால்பட்ட இடத்தில் பிரதிப் பணிப்பாளர், அவருக்குப் பின்னால் உபகுழு, ஆலோசகர், கணக்காளர், படம்பிடிக்கிறவர். ஒரு சத்தமில்லை. ஊர் எழும்பி நின்று பார்த்தது. ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அம்மா" என்று தூரத்திலிருந்து பணிப்பாளரின் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "மாடு எங்க போகுது?"

"தண்ணி குடிக்கப் போகுது சேர்."

செம்பி குளத்துக்குள் இறங்கியது. பணிப்பாளரும் இறங்கினார். பின்னால் வந்தவர்களும் காற்சட்டையை மடிக்காமலே ஒருத்தர் பின் ஒருத்தராக இறங்கினார்கள். மாடு முழங்கால் தண்ணியில் நின்று குடித்துக்கொண்டேயிருந்தது. அது திரும்பும்வரை அவர்களும் அப்படியே நின்றார்கள்.

மரத்தடியில் ஊர்ச்சனமும் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சியிருந்தன. நிரோஜனும் சஜீவனும் மேடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தார்கள். பலகைக்குக் கீழே மண் ஈரமாக, சருகோடு, முந்தி இருந்தபடியே இருந்தது. ராஜினி அதன் பக்கத்தில் போய் இருந்தாள். சின்னவளுக்கு இதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இன்றைக்கு மைக்கில்லாமலே எல்லாருக்கும் கேட்கச் சொல்லியாகிவிட்டது. பிள்ளை பயந்து திரும்பவும் சீமெந்துக்கு ஓடிவிடுமோ என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

யதுர்ஷிகா சப்பாத்தைக் கழற்றினாள், சொக்ஸைக் கழற்றினாள். வெறுங்காலோடு வந்து தாயோடு ஒட்டி இருந்தாள். கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்து நெருக்கிக்கொண்டு சுற்றிவர இருக்கத் தொடங்கின.

"தள்ளி இருங்கோ" என்றாள் யதுர்ஷிகா. "அக்கா கால் நீட்டவேணும்."

பிள்ளைகள் எழும்பித் தள்ளி இருந்தன.